கழற்றுவதா, அளப்பதா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று போடிநாயக்கனூரில் ஒரு சர்வீஸ்காரருக்குப் போன் செய்தால், ஆள் வருவதற்கு முன்பே மருந்து வந்துவிடும்: "ரேமைக் கழட்டி, ரப்பர் போட்டுத் தொடச்சு மாட்டிப் பாருங்கண்ணே." அதில் சரிப்படாவிட்டால் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவார்கள். அதிலும் சரிப்படாவிட்டால் "போர்டு போயிருச்சு." துடை, மாற்று, தூக்கிப்போடு என்னும் இந்த மூன்று படி தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். பலிக்கிறதா என்றால், பல நேரம் பலிக்கவே செய்கிறது. ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்தால் போதுமா, ஏன் நின்றது என்றும் தெரிய வேண்டுமா? போடி டவுனில் இதற்கு ஒரு பதில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேறு பதில். இரண்டு இடத்துக்கும் ஒரே வைத்தியம் என்பதில்தான் இந்த முறை சறுக்குகிறது என்பது என் கட்சி.

இங்கே ஒரு டெஸ்க்டாப் நின்றால் என்ன நிற்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிறு ஏலக்காய் விற்பனை 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிமம், சந்தைப்படுத்தல் விதிகளின்படி நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் கேரளப் பக்கம் புத்தடியிலும் தமிழ்நாட்டுப் பக்கம் போடியிலும் இருக்கின்றன. விலையை வாயால் கூவிய காலம் போய், வியாபாரி திரைக்கு முன் உட்கார்ந்து விலை கேட்கும் காலம் வந்தது. 2021இல் இரண்டு மையத்து வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் கிளவுடு வசதியும் சேர்ந்தது. ஏலம் முடிந்த கையோடு பில், ஜிஎஸ்டி, இ-வே பில், டேலிக் கணக்கு எல்லாம் கடை டெஸ்க்டாப்பில் ஏற வேண்டும். மலைக்கு மேலே தோட்ட அலுவலகத்தில் ஆள்கூலி, பறித்த பச்சைக்காயின் எடை, ஸ்டோரில் உலர்த்தி எடுத்த காயின் எடை என்று இன்னொரு வகைக் கணக்கு. டவுன் கடையில் மெஷின் நின்றால் சர்வீஸ்காரர் டூவீலரில் வந்துவிடுவார். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் நின்றால், கேபினட்டை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவர வேண்டும். தவறான ஊகத்தின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

ஒரு சோதனையை எப்படி எடை போடுவது? ஏலக்காயைச் சல்லடையில் போடும்போது எது மேலே நிற்கும், எது கீழே விழும் என்று முன்பே தெரியும். எல்லாக் காயும் விழுந்துவிடுகிற சல்லடையை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள். கம்ப்யூட்டர் சோதனைக்கும் அதுதான் முதல் அளவுகோல்: 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அடுத்து செய்யப்போவது ஒரே வேலை என்றால் அது சோதனை ஆகாது. இரண்டாவது, செய்ததைத் திருப்ப முடியுமா? மூன்றாவது, ஊகம் தப்பினால் அந்த இடத்தில் எவ்வளவு செலவு? இந்த மூன்றையும் வைத்தே பட்டறை வழக்கங்களைப் பார்க்கலாம்.

முதல் குறை, பழுதை வகை பிரிக்காமல் மருந்து சொல்வது. கிளம்பாத கம்ப்யூட்டரில் நான்கு நிலைகள் உண்டு. பட்டனை அமுக்கினால் விளக்கோ விசிறியோ அசையாமல் இருப்பது ஒன்று. விசிறி சுற்றி உடனே நிற்பது, நின்று நின்று சுற்றுவது இரண்டு. விசிறி ஓடியும் திரை கறுப்பாகவே இருப்பது மூன்று. கம்பெனி லோகோ வந்தும் விண்டோஸ் ஏறாமல் நிற்பது நான்கு. முதல் நிலையில் ரேமைத் துடைப்பது வீண் வேலை. பழுதான ரேமோடும், ரேமே இல்லாமலும்கூட விசிறி சுற்ற முயலும். நான்காவது நிலையில் கேபினட்டைத் திறக்கவே பெரும்பாலும் தேவையில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கிளம்பாமல் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று ஒரு பாகமும் கெடவில்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரு ஃபைலை அழித்தால் தீர்ந்தது. எந்த நிலை என்பதைப் போனிலேயே நாலு கேள்வியில் கேட்டுவிடலாம். செலவு இல்லை, திருப்ப முடியாதது எதுவும் நடப்பதில்லை, நான்கு பதிலும் நான்கு வழியில் பிரிகின்றன. மூன்று அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்கும் இந்தக் கேள்விகள்தான் மிகக் குறைவாகக் கேட்கப்படுகின்றன.

அடுத்து ரப்பர். மூன்றாவது நிலையில், அதாவது விசிறி ஓடி டிஸ்ப்ளே வராதபோது, ரேமில் கை வைப்பது நியாயம். தொடுமுனையில் படியும் மெல்லிய அழுக்கும், ஸ்லாட்டில் சற்றே நகர்ந்த ரேமும் டிஸ்ப்ளேயை நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் கழற்றித் துடைத்து மாட்டும்போது இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது: முனை சுத்தமாகிறது, ரேம் மறுபடி அழுத்தமாக உட்காருகிறது. பலன் எதனால் வந்தது? துடைக்காமல் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தால் தெரியும்; அதைச் செய்வோர் குறைவு. முனைகளில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ஒவ்வொரு முறையும் ரப்பரால் தேய்த்தால் பூச்சு போய் அடியிலுள்ள நிக்கல் வெளியே வரும். டவுனின் உலர்ந்த காற்றில் அது கொஞ்ச நாள் தாங்கும். தென்மேற்குப் பருவமழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊறும் மேட்டுப் பக்கத்தில், தேய்த்த முனை தேய்க்காததைவிடச் சீக்கிரம் கறுக்கும். அடுத்த வருடம் அதே பழுது, அதே ரப்பர். மலையில் இந்த வைத்தியம் நோயை வளர்க்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

புதிய மெஷின்களில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகளில் ரேமை மாற்றினாலோ சிமோஸில் சேமித்த அமைப்புகளை அழித்தாலோ, ரேமின் நேரக் கணக்கைப் போர்டு முதலிலிருந்து பழகிக்கொள்கிறது. அதுவரை திரை கறுப்புதான். சில போர்டுகளில் பல நிமிடம் ஆகும். பழைய மெஷின்களில் பழகிய கை அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைக்கும், மறுபடி கழற்றும், மறுபடி மாட்டும். பழகும் வேலை ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்து, நல்ல போர்டுக்கு 'போயிருச்சு' என்ற முத்திரை விழும். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் இப்போது ஒரு சோதனைதான்.

சிமோஸ் பேட்டரி இந்த வரிசையில் ஓரளவு மதிப்புள்ளது. சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் வில்லை தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், அமைப்புகள் அழியும்; சில போர்டுகள் கிளம்ப அடம் பிடிப்பதும் உண்டு. விலை அற்பம், மாற்றினால் நஷ்டமில்லை. சிக்கல், அதைத் தனியே மாற்றுவதில்லை என்பது. ரேமைத் துடைத்து, பேட்டரியை மாற்றி, ஹார்டு டிஸ்க் கேபிளைப் பிடுங்கிச் செருகி, தூசியை ஊதி, எல்லாம் முடித்து ஆன் செய்தால் மெஷின் எழுந்துவிடுகிறது. நான்கில் எது தீர்த்தது? யாருக்கும் தெரியாது. பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரு வரி. ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தவர் மெஷினை ஓட வைத்திருக்கிறார். பழுதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதே பழுது மழைக்காலத்தில் திரும்பும்போது பழைய அனுபவம் ஒன்றுக்கும் உதவாது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்பது ஏறக்குறைய உறுதி. சுற்றினால்? பாரம் இல்லாமல் கிளம்புகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பிராசசரும் டிஸ்கும் மின்சாரத்தை இழுக்கும்போது 12 வோல்ட் 12ஆகவே நிற்குமா என்று இது சொல்லாது. பாதி சல்லடை. மல்டிமீட்டர் இதைவிட மேல். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்காமல், 24 முனை கனெக்டரின் ஒன்பதாம் முனையைத் தொட்டால் 5 வோல்ட் காட்ட வேண்டும். ஊதா ஒயர் என்பார்கள். இப்போது பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பு என்பதால் முனையை எண்ணித்தான் பார்க்க வேண்டும். அந்த 5 வோல்ட் இல்லையென்றால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பயனில்லை. இருந்தால், ஆன் செய்து 12, 5, 3.3 வோல்ட்டுகள் ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நிற்கின்றனவா என்று பாரத்தோடு பார்க்கலாம். 12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், மின்னழுத்தத்தின் நடுக்கத்தைக் காட்டாது என்ற குறை உண்டு. ஆனாலும் நூறுகளில் கிடைக்கும் ஒரு கருவி இவ்வளவு பிரித்துக் காட்டினால் அதற்கு மேல் கேட்க முடியாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஒரு அறிகுறி இந்த மலைக்குப் பொருத்தமானது: காலையில் பலமுறை அமுக்கினால்தான் ஆன் ஆகும், ஒருமுறை ஓடிவிட்டால் மாலைவரை தொந்தரவு இல்லை. இது ரேம் பழுது போல் இல்லை. வயதான கப்பாசிட்டரின் அடையாளம் இது. உள்ளே உள்ள திரவம் வற்றிய கப்பாசிட்டர் குளிரில் இன்னும் மந்தமாகும், சூடேறினால் தேறும். போடியின் வெக்கையில் கப்பாசிட்டர் சீக்கிரம் வற்றுகிறது. மேட்டின் விடியல் குளிரில், வற்றியது சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைச் சாய்த்தன. ஆப்டிப்ளெக்ஸ் மெஷின்களுக்காக டெல் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. மேல்மூடி உப்பிய கப்பாசிட்டரைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கண்ணால் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

இன்னும் எளிய ஒன்று, பவர் பட்டனைச் சந்தேகிப்பது. கேபினட்டின் முன் பட்டன் தூசியில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஸ்பிரிங் தளரும். போர்டில் பவர் பட்டனின் ஒயர் மாட்டியிருக்கும் இரு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு, மெஷின் எழுந்தால் பட்டன்தான் பழுது. ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே மாட்டினால் வேலை முடிந்தது. பீப் ஒலியும் அருமையான சாட்சிதான், ஆனால் இன்றைய கேபினட்டுகளில் ஸ்பீக்கரே வருவதில்லை. சில போர்டுகள் தரும் சிறு விளக்குகள் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன: சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கில் எது எரிந்து நிற்கிறது என்று பார்த்தால், எந்தக் கட்டத்தில் தடை என்று தெரியும்.

இனி பாகம் மாற்றிப் பார்க்கும் முறை. நல்ல பாகத்தைப் போட்டால் ஓடுகிறது, பழையதைப் போட்டால் ஓடவில்லை, மறுபடி நல்லதைப் போட்டால் ஓடுகிறது என்றால் அதைவிட உறுதியான சான்று இல்லை. மூன்றாவது சுற்றைப் பலர் செய்வதில்லை என்பது ஒருபுறம். இதைவிடப் பெரிய குறை வேறு. வோல்ட்டேஜ் எகிறும் எஸ்எம்பிஎஸ் ஒரு போர்டைத் தின்றிருந்தால், அளக்காமல் மாட்டிய நல்ல போர்டையும் அது தின்னும். சோதிக்கப் போட்ட பொருளையே பலி வாங்கும் சோதனை இரண்டாவது அளவுகோலில் தோற்கிறது. எனவே டவுனானாலும் மலையானாலும் எஸ்எம்பிஎஸ்ஸை அளக்காமல் போர்டை மாற்றக்கூடாது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டில் செருகிப் பார்ப்பதிலும் பொறி உண்டு. 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை. அவற்றில் எவ்வளவு நல்ல போர்டானாலும் டிஸ்ப்ளே வராது. பிட்லாக்கர் பூட்டு உள்ள மெஷினில் போர்டை மாற்றினால், விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் போர்டை மாற்றுபவர் ஒரு பழுதைத் தீர்த்து இன்னொன்றைத் தருகிறார்.

இவ்வளவும் பெட்டிக்குள்ளே. மலையில் பழுதின் பாதி பெட்டிக்கு வெளியே இருக்கலாம், பட்டறை மேசை அதைப் பார்க்கவே முடியாது. மேட்டில் கிளம்பாத மெஷின் போடிக்கு வந்ததும் முதல் அமுக்கலில் ஓடுவது நடப்பதுதான். "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான இருக்கு" என்ற தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. 17 வளைவு இறங்குவதற்குள் மின்சாரம் மாறிவிட்டது, யுபிஎஸ் மாறிவிட்டது, எர்த் மாறிவிட்டது, ஈரம் உலர்ந்துவிட்டது, தளர்ந்த ரேம் குலுங்கி உட்கார்ந்திருக்கவும் கூடும். சாட்சிகளையெல்லாம் கலைத்துவிட்டுக் குற்றவாளியைத் தேடுகிறோம். கேரள எல்லை தாண்டினால் மின் வாரியமும் வேறு. மரக்கிளை உரசும் நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு 230 வோல்ட் என்பது பெயரளவு. பல எஸ்எம்பிஎஸ்கள் 180க்குக் கீழே கிளம்ப மறுக்கும். நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் வரை பாய்ந்து எல்லாவற்றையும் சுட்டுவிடும்.

இங்கேதான் டெஸ்டரின் கதை வருகிறது. பிளக் துளையில் டெஸ்டரை நுழைத்து, எரிந்தால் "கரண்ட் இருக்கு" என்கிறோம். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு 230 வோல்ட்டிலும் எரியும், 140லும் எரியும், நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும். தெரிய வேண்டிய மூன்றையும் பிரித்துக் காட்டாத ஒரு கருவியை நம்பி, கேபினட்டை ஜீப்பில் ஏற்றுகிறோம். அதே துளையில் மல்டிமீட்டரை வைத்தால் பாதி ஜீப் பயணங்கள் தேவைப்படாது என்று துணிந்து சொல்லலாம். யுபிஎஸ்ஸும் அப்படித்தான்: பேட்டரி செத்த பல மலிவு யுபிஎஸ்கள், கரண்ட் இருந்தாலும் ஆன் ஆவதில்லை. யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் எர்த் இல்லை என்று பொருள். பாறை நிலத்தில் எர்த் குழியை ஒழுங்காகப் போடாவிட்டால் அப்படித்தான். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி விழும்போது பவர் பிளக்கைப் பிடுங்குபவர், டெலிபோன் ஒயரையும் லேன் கேபிளையும் அப்படியே விட்டுவிடுவார். செம்புக் கம்பி எதுவானாலும் இடிக்கு வழிதான்.

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏல நாளில் வியாபாரி கேட்பது காரணமல்ல, பத்து நிமிடத்தில் ஓடும் மெஷின். கையில் நல்ல ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கும் கடைக்காரருக்கு, மாற்றிப் பார்ப்பதே விரைவான வழி. ஊகம் தப்பினால் நஷ்டம் ஒரு தெரு தூரம். டவுனில் இந்த முறையைக் குறை சொல்வது புத்தகத்தனம். ஒரு இடத்தில் மட்டும் அவருக்குச் சலுகை இல்லை: "ஃபார்மட் அடிச்சிரலாம்." கிளம்பாத கம்ப்யூட்டரில் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக வேறு மெஷினில் செருகி, டேலி ஃபோல்டரை எடுத்து வைத்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. அதற்கு முன்பு ஃபார்மட் செய்வது திருப்ப முடியாத காரியம். ஒரு பருவத்தின் கொள்முதல் கணக்குக்கு ஈடாக எந்த விரைவும் நிற்காது.

எனவே தீர்ப்பை இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும். போடி டவுனில், எஸ்எம்பிஎஸ்ஸை அளந்த பிறகு, பாகம் மாற்றிப் பார்ப்பதே முதல் வழி. ரப்பருக்குப் பதில் கழற்றி மாட்டல். மலைச்சரிவில் வரிசை தலைகீழ்: போனிலேயே நிலையைப் பிரிப்பது, இருந்த இடத்திலேயே சுவர் பிளக்கை அளப்பது, யுபிஎஸ்ஸைத் தவிர்த்துப் பார்ப்பது, எஸ்எம்பிஎஸ்ஸை அளப்பது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், கடைசியில்தான் ஜீப்.

இந்த வரிசை நடைமுறைக்கு வராததற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. மாற்றிய பாகத்துக்குக் காசு கிடைக்கிறது, அளந்து சொன்னதற்குக் கிடைப்பதில்லை. "உங்க மெஷின் நல்லா இருக்கு, நியூட்ரல் லூஸ்" என்று சொல்ல மலையேறி வந்தவர் வெறுங்கையோடு இறங்க வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க அவர் அடுத்த முறை மீட்டரை எடுத்து வருவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பில்லில் 'அளந்த கூலி' என்று தனி வரி எழுதத் தோட்டக்காரர்கள் சம்மதிக்கும் நாளில் ரப்பர் வைத்தியம் தானாகக் குறையும்.